ஓநாய் பொறித்த வாள்

பழைய ஐரோப்பிய வாளை மதிப்பிடச் சொல்லி யாராவது என்னிடம் கொடுத்தால், அலகில் உள்ள பெயரைக் கடைசியாகத்தான் படிப்பேன். ஸோலிங்கன் ஊரின் கதை கற்றுத்தந்த பழக்கம் இது.

ஜெர்மனியில் வுப்பர் ஆற்றையொட்டிய ஊர் அது. தோய்ச்சல் போடுவோருக்கும் சாணை பிடிப்போருக்கும் 1401இல் அங்கே சங்க உரிமை கிடைத்தது. வாள் கொல்லர்களுக்கு 1472இல். ஒருவர் அடித்ததை இன்னொருவர் பதப்படுத்த, மற்றொருவர் தீட்டினார். அலகுகள் பெரும்பாலும் கைப்பிடி இல்லாமலே விற்பனைக்குப் போயின. வாங்கிய ஊரில் அவரவர் பாணியில் பிடி பூட்டினார்கள். நம் மராட்டிய வீரர்களும் ஐரோப்பிய அலகுகளை அப்படிப் பூட்டிக்கொண்டவர்களே.

ஸ்பெயினின் டொலீடோ நகர வாளுக்கு மவுசு இருந்தபோது டொலீடோ கொல்லர்களின் பெயர்களை ஸோலிங்கனிலேயே பொறித்தார்கள். பஸாவ் நகரத்து ஓடும் ஓநாய் முத்திரையும் இங்கே குடியேறியது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பெல்லூனோவில் வாள் செய்த ஆந்திரேயா ஃபெராராவின் பெயர், அவர் காலத்துக்கு வெகுநாள் பின்னும் ஸ்காட்லாந்தின் கூடைப்பிடி வாள்களில் வந்துகொண்டிருந்தது. அவற்றில் மிகுதியும் ஜெர்மன் அலகுகள்.

ஆகவே நான் முதலில் பார்ப்பது பிடியின் உச்சிக் குமிழை. அலகின் முளை அதனூடே ஏறி, மேலே அடித்து மடக்கப்பட்டிருக்கும். அங்கே அரத்தின் புதுக் கீறல் தெரிந்தால் யாரோ பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள். பிறகு ஓநாய். உளியால் சில வெட்டுகளில் கீறிய உருவம் அது. அலகு தேய்ந்த அளவுக்கு அந்தக் கோடுகளும் தேய்ந்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மியூனிக்கின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் பட்டறை பழைய பாணி வாள்களைத் திறமையாகச் செய்தது. அவையும் இன்று பழம்பொருள்களே. ஆனால் அவற்றின் விலை வேறு.

அலகும் பிடியும் ஆரம்பம் முதல் சேர்ந்தே இருந்தால் மதிப்பு கூடும். உரிமையாளர் யாரென்று தெரிந்தால் இன்னும் கூடும். லண்டன் வில்கின்சன் நிறுவனம் 1850களிலிருந்து அதிகாரிகளின் வாள்களில் எண் இட்டது. அந்த எண்ணைக் கொண்டு பதிவேட்டில் தேதியையும், பல சமயம் வாங்கியவர் பெயரையும் காணலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய வாளில் இந்தச் சாட்சிகள் அழிந்துபோகும். வாள் வைத்திருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, அதைத் தேய்க்காதீர்கள் என்பதுதான்.

ஃபெராரா பெயர் பொய் என்று தெரிந்ததும் முகம் வாடுபவர்கள் உண்டு. வாடத் தேவையில்லை. அடுத்தவர் பெயரில் விற்றாலும் அந்த அலகை ஸோலிங்கன் தொழிலாளிகள் ஒழுங்காகச் செய்தார்கள். முந்நூறு ஆண்டு தாண்டியும் வளையாமல் நிற்கும் அவர்களுடைய வேலைக்குத்தான் நான் விலை சொல்கிறேன்.