திருவள்ளூர் லோக்கலும் கருப்பு ரப்பர் பேனாவும்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ ஏறி திருவள்ளூர் லோக்கலில் போயிருப்பீர்கள். வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர் எல்லாம் தாண்டி வண்டி போய் நிற்கும். திருவள்ளூர் என்றால் நமக்கு வீரராகவப் பெருமாள் கோயில், கலெக்டர் ஆபீஸ், அவ்வளவுதான். ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற இங்க் பேனா பைத்தியங்களுக்கு அந்த ஊர் பெயர் வேறு காரணத்துக்காகத் தெரியும். ‘ரங்கா’ பேனா. லேத்தில் ஒவ்வொன்றாகக் கையால் கடைந்து எடுக்கிற கருப்பு ரப்பர் பேனா.

ரப்பர் என்றதும் அழிரப்பரை நினைக்காதீர்கள். இயற்கை ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்து மணிக்கணக்கில் சூடாக்கினால் மரக்கட்டை மாதிரி இறுகிவிடும். அதுதான் எபோனைட். கருங்காலி மரம் மாதிரி இருப்பதால் அந்த மரத்தின் ஆங்கிலப் பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் கருங்காலி என்றால் துரோகி, பேனா உலகத்தில் அது மரியாதையான பேர் :-)

1884இல் அமெரிக்காவில் வாட்டர்மேன் பேனாவுக்கு காப்புரிமை வாங்கிய காலத்தில் பேனா என்றாலே எபோனைட்தான். 1924இல் ஷீஃபர் கம்பெனி செல்லுலாய்டுக்குத் தாவியது, மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். நம் நாட்டிலோ எபோனைட் நின்றுவிட்டது. பழமை மேல் உள்ள பாசம் என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளாஸ்டிக் பேனா செய்ய அச்சு வேண்டும், மெஷின் வேண்டும், முதல் வேண்டும். எபோனைட்டுக்கு ஒரு கம்பியும் ஒரு கடைசல் பட்டறையும் போதும். வீட்டுத் திண்ணை அளவு இடத்தில் தொழில் நடத்தலாம்.

இதில் சுதேசிக் கதையும் உண்டு. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த ராஜமுந்திரியில் 1932இல் கே.வி. ரத்னம் பேனா செய்ய ஆரம்பித்தார். காந்திக்கு ஒன்று அனுப்பினார். எல்லா பாகமும் இங்கேயே செய்ததுதானா என்று காந்திக்கு சந்தேகம். நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாதான் பட்டறைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். 1935இல் காந்தியிடமிருந்து நன்றிக் கடிதம் போனது. சென்னையிலோ 1920களிலேயே பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ வந்துவிட்டது. ‘காமா’ பேனா அவர்களுடையதுதான்.

சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. பார்க்கர் வைத்திருந்தவர் பெரிய மனிதர், மற்றவர்களுக்கு உள்ளூர்ப் பேனா. அந்தப் பேனாக்களின் அமைப்பு நம் வெயிலுக்குப் பொருந்தியது. வெளிநாட்டுப் பேனாக்களுக்குள் ரப்பர் பை இருக்கும், இங்கே அது சீக்கிரம் இற்றுப்போகும். நம் ஊர்ப் பேனாக்களில் பையே கிடையாது, பேனாவின் உடம்பேதான் இங்க் தொட்டி. கழுத்தைத் திருகிக் கழற்றி ஃபில்லரால் பிரில் இங்க்கை ஊற்ற வேண்டியதுதான். இன்றைய சின்ன கேட்ரிஜ்ஜில் ஒரு மில்லிகூட பிடிக்காது, இதில் மூன்று மில்லி சர்வசாதாரணம்.

ஒரு கஷ்டம் உண்டு. இங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் மேலே காற்று நிற்கும். கைச்சூட்டில் அது விரிந்து இங்க்கை வெளியே தள்ளும். பேனா ‘கக்கும்’. பரீட்சை அன்றைக்கு என் வெள்ளைச் சட்டைப் பையில் ஒன்று கக்கியது, அம்மா கையால் வாங்கிக் கட்டிக்கொண்டேன். உலோகத்தைவிட எபோனைட்டில் சூடு மெதுவாக ஏறும் என்பதால் இதில் கக்கல் கொஞ்சம் குறைவு. வெயிலூருக்கு இது பொருந்தியதற்கு அதுவும் காரணம்.

ரங்காவை பாண்டுரங்கன் என்பவர் தொடங்கியது 1970 வாக்கில். நேரம் சரியில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த இருபது வருஷத்தில் பால் பாயின்ட் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. வெள்ளை உடம்பும் நீல மூடியுமாக ரெனால்ட்ஸ் ஞாபகம் இருக்கிறதா? அதைச் செய்ததும் சென்னைக் கம்பெனிதான், ஜி.எம். பென்ஸ். ஒரே ஊர்ப்பக்கம் ஒருவர் பேனாவைக் கடைந்துகொண்டிருக்க, இன்னொருவர் அதற்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்! நிறைய பட்டறைகள் மூடின.

அப்புறம் ரங்காவைக் காப்பாற்றியது தேவை இல்லை, ஆசை. தேவைக்கு மூன்று ரூபாய் பேனா போதும். நீளம் இவ்வளவு, தடிமன் இவ்வளவு, இந்த நிறம், இந்த நிப்பு என்று சொல்லிச் செய்யவைத்து, காத்திருந்து வாங்குகிறவர்கள் வந்தார்கள். நிப்பு பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வருகிறது. குமரப்பா இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

இந்த ஆசைக்காரர்கள் 2012இலிருந்து நவம்பர் முதல் வெள்ளிக்கிழமையை பவுண்டன் பேனா நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2020இல் மும்பையில் பெரிய பேனாக் கண்காட்சியே நடந்தது. இவர்கள் கூடுகிற இடத்தில் ஒரு வேடிக்கை. பேனாவைக் கொடுத்தாலும் மூடியைக் கொடுக்காதே, அப்போதுதான் திரும்பி வரும் என்று நம் தாத்தாக்கள் சொல்வார்கள். அடுத்தவன் எழுதினால் நிப்பு கெட்டுவிடும் என்ற பயம் வேறு. இங்கேயோ முன்பின் தெரியாதவர் கையில் மூடியோடு கொடுத்து “எழுதிப் பாருங்க சார்” என்கிறார்கள். ஒரே தாளில் பத்து கையெழுத்து, பத்து நிற இங்க்.

செமஸ்டர் லீவில் ஒரு நாள் திருவள்ளூர் போகலாம் என்றிருக்கிறேன். யார் யார் வருகிறீர்கள்? வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.