பெயிலானவன் எங்கே போனான்?
தேர்வு முறை மாற்றங்களும் திருப்பூர்ப் பிள்ளைகளும் – ஒரு பார்வை

இன்று பழைய பஸ் ஸ்டாண்ட் என்கிறோமே, எண்பதுகளில் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் நாளன்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் நிற்போம். மாலைப் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கியதும் அடிதடிதான். பொடி எழுத்தில் வரிசையாகப் பதிவு எண்கள். பாஸானவர்களின் எண்கள் மட்டுமே இருக்கும். ‘நீ பெயில்’ என்று யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். முன் எண்ணும் பின் எண்ணும் இருக்கும், நடுவில் நம் எண் இருக்காது. அவ்வளவுதான் சேதி.

என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவனின் எண் அப்படித்தான் வராமல் போனது. கணக்கில் நாலு மார்க் குறைவு. “அக்டோபர்ல எழுதிக்கலாம், அதுவரைக்கும் சும்மா எதுக்கு இருக்கோணும்?” என்று வீட்டில் பனியன் கம்பெனிக்கு அனுப்பினார்கள். முதலில் கைமடி, பிசிறு வெட்டுவது. ஆடி முடிவதற்குள் மிஷினில் உட்கார்ந்துவிட்டான். சனிக்கிழமை தோறும் கையில் சம்பளம். அக்டோபரில் ஹால் டிக்கெட் வந்தது. கணக்குப் பரீட்சை அன்று அவன் வேலை பார்த்த இடத்தில் ஷிப்மெண்ட் அவசரம். போகவில்லை. அதன் பிறகு அவன் எந்தப் பரீட்சையும் எழுதவில்லை.

நூறாண்டுக்கு மேலாக நம் மாநிலத்தில் மார்க் போடும் முறை எத்தனையோ தடவை மாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பேச்செல்லாம் முதல் மார்க் வாங்கியவரைப் பற்றித்தான். திருப்பூர் போன்ற ஊரில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பெயிலானவனுக்கு அடுத்த வாய்ப்பு எத்தனை நாளில் வந்தது? அதற்குள் அவனை யார் கூட்டிப் போனார்கள்? இந்தக் கண்ணோடு பழைய கதையைத் திரும்பிப் பார்ப்போம்.

பதினொன்று பத்தானது

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களுக்கு எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினொன்றாம் வகுப்பு. சான்றிதழ் ஒற்றைத் தாளாக இல்லை, ஒரு புத்தகம். அதை டிரங்குப் பெட்டியில் இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் நம்மில் உண்டு. அதன் பின் கல்லூரியில் ஓராண்டு பி.யூ.சி., மூன்றாண்டு பட்டப் படிப்பு. பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் அரை டிராயரை விட்டு வேட்டிக்கு மாறிக் கல்லூரிக்குள் நுழைந்த காலம் அது.

1978-ல் இது மாறியது. 10+2 திட்டத்தின்படி ப்ளஸ் ஒன் வகுப்பு மேல்நிலைப் பள்ளிகளில் தொடங்கியது. 1980 மார்ச்சில் முதல் ப்ளஸ் டூ தேர்வு நடந்தது. பி.யூ.சி. கல்லூரியை விட்டுப் போய்விட்டது. எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு இறங்கியது. அதாவது பிள்ளைகளைச் சலிக்கும் முதல் பெரிய சல்லடை ஓராண்டு முன்னதாகவே வந்து, பதினைந்து வயதில் பிடித்துக்கொண்டது.

அதே 1978-ல்தான் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி திருப்பூருக்கு வந்து பின்னலாடைக்கு ஆர்டர் கொடுத்தார். உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் நெய்துகொண்டிருந்த ஊர், எண்பதுகளின் நடுவில் ஏற்றுமதி ஊராகிவிட்டது. 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். அங்கே மார்க் ஷீட் கேட்பாரில்லை. பள்ளி ஒரு பக்கம் பதினைந்து வயதுப் பையனைப் பெயிலாக்கி வெளியே விட்டது, கம்பெனி மறுபக்கம் கதவைத் திறந்து வைத்திருந்தது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தது தற்செயல்தான். ஆனால் விளைவு தற்செயல் அல்ல. வேலை இல்லாத ஊரில் பெயிலானவன் வீட்டில் இருந்து திரும்பப் படிப்பான், அல்லது டுட்டோரியலுக்குப் போவான். நம்மூரில் மறுநாளே ஷிப்டுக்குப் போனான்.

கட்-ஆப் காலம்

ப்ளஸ் டூவுக்கு மொத்தம் 1200 மார்க், ஒரு பாடத்துக்கு 200. பாஸுக்கு 70. 1984-ல் மருத்துவம், பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. ப்ளஸ் டூவிலிருந்து 200, நுழைவுத் தேர்வில் 100, ஆக 300-க்கு கட்-ஆப். அதே 1984-ல்தான் பஞ்சப்படி கேட்டு நம்மூர்ப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளமே இல்லாமல் நாலு மாதம் அடுப்பெரித்த வீடுகளின் பிள்ளைகள், கோச்சிங் என்று கோயமுத்தூருக்கு பஸ் ஏற எங்கே போவார்கள்? கிராமத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வு எட்டாக்கனியாக இருக்கிறது என்ற குரல் தொடர்ந்து எழுந்தது. பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின் 2006-ல் சட்டம் இயற்றி, 2007-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு நுழைவுத் தேர்வை எடுத்தார்கள். பத்தே ஆண்டில், 2017-ல், நீட் வந்தது. அதன் பாதிப்பைக் குறைக்க 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது.

இவையெல்லாம் மேல் வரிசையின் கதை. கீழ் வரிசைக்கு நடந்த பெரிய நன்மை சத்தமில்லாமல் வந்தது. முன்பெல்லாம் தவறியவன் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும், பாஸானாலும் அந்த ஆண்டுச் சேர்க்கை முடிந்திருக்கும். 2000-க்குப் பின் ஒன்றிரண்டு பாடங்களில் தவறியவர்கள் ஜூன், ஜூலையிலேயே உடனடித் துணைத் தேர்வு எழுதி, அதே ஆண்டில் மேலே படிக்கலாம் என்று ஆனது. என் பெஞ்சுக்காரனுக்கு இந்த வசதி இருந்திருந்தால், கம்பெனியில் கை பழகுவதற்குள் கணக்கை எழுதி முடித்திருப்பான்.

ஒரே பாடம், புது கிரேடு

ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலு வகையாகப் படித்த பிள்ளைகளைச் சமச்சீர்க் கல்வி ஒன்றாக்கியது. 2010-ல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் தொடங்கி, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. 2012-ல் எல்லோரும் ஒரே பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினார்கள். அறிவியலில் 25 மார்க் செய்முறைக்கு ஒதுக்கியதால், எழுத்துத் தேர்வில் தடுமாறும் பிள்ளைக்கும் ஒரு கைப்பிடி கிடைத்தது.

2012-13-ல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் கிரேடும் வந்தன. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. கட்டாயக் கல்விச் சட்டம் 2010-ல் நடைமுறைக்கு வந்ததிலிருந்தே எட்டாம் வகுப்பு வரை பெயில் கிடையாது. “பெயிலே இல்லைன்னா எப்படிங்க படிப்பான்?” என்று பெற்றோரே கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். கிரேடு அட்டையில் ஏ, பி என்று பார்த்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் கூட்டிப் படிக்கத் திணறிய பிள்ளைகளை ஆசிரியர்கள் அறிவார்கள். ஆனால் பன்னிரண்டு வயதில் பெயிலாகி நின்றுபோகிற பிள்ளைக்குத் திருப்பூரில் என்ன காத்திருந்தது என்பதையும் நாம் அறிவோம். 2019-ல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத் தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். கைவிட்டது நல்லது என்பதே என் கருத்து.

ரேங்க் போனது, 1200 பாதியானது

மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று மாலை போட்டுப் படம் எடுக்கும் வழக்கம் 2017 மே மாதத்தோடு முடிந்தது. அப்போது கல்வி அமைச்சர், பக்கத்துக் கோபிசெட்டிபாளையத்துக்காரரான கே.ஏ. செங்கோட்டையன். தற்கொலையும் மன உளைச்சலும் குறைய வேண்டும் என்பது நோக்கம். நம் பனியன் போய்ச் சேரும் இங்கிலாந்திலும் அதே 2017-ல்தான் பதினாறு வயதுத் தேர்வில் எழுத்துக் கிரேடுகளை விட்டு 9 முதல் 1 வரை எண்களுக்கு மாறத் தொடங்கினார்கள். மார்க்கை எப்படிச் சொல்வது என்ற குழப்பம் உலகத்துக்கே பொது.

சில பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. அதைத் தடுக்க 2017-18 முதல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு. ஒரு பாடத்துக்கு 200 என்பது 100 ஆனது, 1200 என்பது 600 ஆனது. உயர்கல்விக்கு ப்ளஸ் ஒன் மார்க் சேராது என்று 2018-லேயே மாற்றிவிட்டார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று அடுத்தடுத்து மூன்று சல்லடை. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, நடுவில் இருந்த ப்ளஸ் ஒன் சல்லடையை எடுத்துவிட்டது.

கொரோனாவில் எல்லாம் தலைகீழ். 2020-ல் பத்தாம் வகுப்புக்குக் காலாண்டு, அரையாண்டு மார்க்கில் 80 சதவீதமும் வருகைப் பதிவுக்கு 20 சதவீதமும் சேர்த்து அனைவரும் பாஸ். 2021-ல் ப்ளஸ் டூவுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 50, ப்ளஸ் ஒன்னிலிருந்து 20, அந்த ஆண்டுச் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30. ஒருவரும் பெயில் இல்லை. ஆனாலும் பள்ளிகள் திறந்தபோது பெஞ்சுகள் காலியாக இருந்தன. ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய் அழைக்க வேண்டியிருந்தது. பெயில் என்று ஒரு சொல்கூட இல்லாமலே பிள்ளை வேலைக்குப் போய்விடும் என்பதை அந்த இரண்டு ஆண்டுகள் காட்டின.

முதலிடமும் மீதிப் பேரும்

2024 மே மாதம் வந்த ப்ளஸ் டூ முடிவில் திருப்பூர் மாவட்டம் 97.45 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்திலேயே முதலிடம். முந்திய ஆண்டு இரண்டாமிடம். “திருப்பூர்ப் பையனுக்குப் படிப்பு ஏறாது” என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த நமக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்! அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கை கூப்புவோம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தேர்ச்சி சதவீதம் என்பது பரீட்சை எழுதியவர்களின் கணக்கு. வராதவன் அதில் இல்லை. 2023 மார்ச்சில் ப்ளஸ் டூ மொழித் தேர்வுக்கு மாநிலம் முழுக்க ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை. அன்று பேப்பரில் வராத நம்பர்கள்தான் இன்று பரீட்சை ஹாலில் காலி நாற்காலிகள். நம்மூரில் ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இப்போது தமிழ் எழுதக் கற்றுக்கொண்டு அதே வரிசையில் நிற்கிறார்கள்.

நாம் செய்யக் கூடியது

நம் சங்கத்தில் கம்பெனி நடத்துபவர்கள் பலர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை வேலை கேட்டு வந்தால், “எந்தப் பாடத்துல போச்சு? துணைத் தேர்வுக்குப் பணம் கட்டினயா?” என்று முதலில் கேளுங்கள். கட்டவில்லை என்றால் கட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்குப் பரீட்சை நாளில் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர்கள் ஜூன் மாதம் மட்டும் மாலையில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுக்கலாம். இன்றைய மாணவர்கள் உங்கள் வீதியில் ஒரே ஒரு பிள்ளைக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தால் போதும். இதைச் சங்கம் ஒரு தீர்மானமாகவே எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்தப் பெஞ்சுக்காரன் இன்று சொந்தமாக நாலு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். போன மாதம் பார்த்தபோது பழைய பேச்சு வந்தது. “மார்க்கு கெடக்குது உடப்பா. அன்னிக்கு யாராச்சும் ‘போயி எழுதிட்டு வாடா’ன்னு ஒரு நாள் உட்டிருந்தா எழுதியிருப்பேன்” என்றான்.

அவனுக்கு அன்று அதைச் சொல்ல ஆளில்லை. இன்று சொல்ல நாம் இத்தனை பேர் இருக்கிறோம்.