லிஸ்பன் நகரமும் ஒரு தமிழ் நூலும்

கடலோடிகளின் நகரம் என்று புகழ்பெற்ற லிஸ்பன், நேரே கடலைப் பார்த்து நிற்கவில்லை. டேகஸ் என்னும் பேராறு அகன்று விரிந்து கடலோடு கலக்குமிடத்துக்குச் சற்று உள்ளே, வடகரைக் குன்றுகளின்மேல் அது அமைந்திருக்கிறது. நான் ஆற்றங்கரையில் நடந்தபோது, 1966-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற செந்நிறத் தொங்குபாலத்தின் கீழே, இரும்புப் பெட்டிகளை அடுக்கிய சரக்குக் கப்பல் ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.

நகரின் மேற்கே உள்ளது பெலெம். வாஸ்கோ ட காமா 1497-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் நான்கு மரக்கலங்களுடன் புறப்பட்ட துறை இதுவே. அவர் கோழிக்கோட்டுக்கு வழி கண்டு மீண்டபின் கீழ்த்திசைச் சரக்குகள் இங்கே வந்து குவிந்தன. அவற்றின்மீது நூற்றுக்கு ஐந்து வீதம் தண்டிய வரியைக்கொண்டு எழுப்பியதே ஜெரோனிமுஸ் மடாலயம். கப்பற்கயிற்றின் முறுக்கைக்கூடக் கல்லிலே செதுக்கியிருக்கிறார்கள்! 1524-இல் கொச்சியில் மாண்ட காமாவின் கல்லறையும் அதன் கோயிலுக்குள் இருக்கிறது.

எதிரே, ஆற்றோரத்தில், 1960-இல் எழுப்பிய நினைவுச் சின்னம் கப்பலின் முகப்பைப்போல் நீரை நோக்கி நிற்கிறது. இளவரசர் ஹென்றி முன்னே நிற்க, மாலுமிகளும் பாதிரிமாரும் புலவரும் பின்னே அணிவகுக்கின்றனர். சிறந்த வேலைப்பாடுதான். ஆயினும், மாலிந்தித் துறையிலிருந்து இந்துமாக்கடலைக் கடக்கக் காமாவுக்கு வழிகாட்டிய மாலுமியை நான் அங்கே காணவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் லிஸ்பன் மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அடிமை. அவர்களுக்கும் அவ்வரிசையில் இடமில்லை.

ஏடுகளைத் தேடலாம் என்றாலோ, 1755-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் நிலநடுக்கமும், ஆற்றிலே எழுந்த பேரலையும், தொடர்ந்து மூண்ட தீயும் நகரின் பெரும்பகுதியை அழித்துவிட்டன. அரண்மனையோடு, கீழ்த்திசை வாணிகத்தை நடத்திய இந்திய மாளிகையும் அதன் ஆவணங்களும் போயின. நம் கடற்கரைகளைப் பற்றிய கணக்குகள் எத்தனை அதிலே எரிந்தனவோ!

எனினும், எஞ்சியவற்றுள் ஒன்று நமக்கு உரியது. 1554-இல் இதே லிஸ்பனில் கிறித்தவச் சமயப் பாடநூல் ஒன்று தமிழிலும் போர்ச்சுகீசிய மொழியிலும் அச்சாயிற்று. தமிழ் அச்செழுத்துகள் அன்று இல்லாமையால், தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்துகளிலே பொறித்தனர். வின்சென்ட் த நசரே, ஜார்ஜ் கர்வாலியோ, தோமா த குரூஸ் என்னும் மூவர் அதனை ஆக்கினர். முத்துக்குளித்துறையிலிருந்து சென்ற தமிழர் இவர்கள் என்பது அறிஞர் கருத்து. பெற்றோர் இட்ட பெயர்கள் நிற்கவில்லை. ஞானஸ்நானப் பெயர்களே நிற்கின்றன. மிளகையும் முத்தையும் ஏற்றிவந்த கடல்வழியிலே தமிழ்மொழியும் வந்து இறங்கியதற்கு அச்சிலே உள்ள முதற்சான்று இதுவே.

அந்நூற்படி போர்ச்சுகலின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு உரியது. அவ்வருங்காட்சியகத்தின் இடமோ, காமாவின் கல்லறை உள்ள அதே ஜெரோனிமுஸ் மடாலயத்தின் மேற்குப் பகுதி. தமிழ் எழுத்திலேயே அச்சிட்ட நூலுக்கு மேலும் 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த அந்நூல், தம்பிரான் வணக்கம்.