புழுங்கல் அரிசியும் கோப்பை மீயும்: முழு உணவைத் தேடிய கதை



சில ஆண்டுகளுக்கு முன்பு, தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளன்று, மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயாரிடம் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். அம்மாணவன் நாள்தோறும் உடனடி மீயைத்தான் உணவாகக் கொண்டு வருவான். “வளர்கிற பிள்ளைக்கு நாளும் மேகி மீதானா, அம்மா?” என்று கேட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. “ராத்திரி வேலை முடிஞ்சு ஆறு மணிக்குத்தான் டீச்சர் வீட்டுக்கு வர்றேன். ஆறேகாலுக்கு ஸ்கூல் பஸ் வந்திரும். அந்தக் கால் மணி நேரத்துல வேற என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க” என்றார். என்னிடம் விடை இல்லை.

அண்மையில் ஜப்பானில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது, கோப்பை மீ ஒன்றை என்னிடம் கொடுத்தார். “இதில் உடலுக்கு வேண்டிய சத்துகள் எல்லாம் இருக்கின்றன, ஆசிரியரே” என்றார். அந்தத் தாயாரின் கேள்வி நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையில் அதைக்கொண்டே பசியாறினேன். சுவை மோசமில்லை, நாவின் அடியில் மெல்லிய கசப்பு மட்டும் தங்கியது. நண்பகல் வரை பசிக்கவில்லை. ஆனால், ‘எல்லாச் சத்துகளும்’ என்ற சொல் மனத்தை உறுத்தியது. அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அது நம் மண்ணுக்கே வந்து நின்றது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால்கள் வீங்கும் அல்லது மரத்துப்போகும், இதயம் தளரும், பலர் மாண்டனர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். தோட்டங்களில் அவர்களைப் போலவே வறுமையில் வாழ்ந்த தமிழர்களிடம் இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. காரணம் என்ன? நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இதனைக் கூர்ந்து கவனித்து 1907இல் நூலாக எழுதினார். சீனர்கள் உண்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி! தீட்டிய அரிசியில் ஏதோ நச்சு சேர்கிறது என்று அவர் கருதினார். அவர் கண்டது சரி. சொன்ன காரணம்தான் தவறு.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் பிளெட்சர் 1905இல் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மற்றவர்களுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவியது, சிலர் உயிரிழந்தனர். அந்நோயாளிகளிடம் எவரும் இசைவு கேட்டிருக்க மாட்டார்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் சாலைப் பணியில் இருந்த ஜாவா தொழிலாளர்களிடையே ஆய்வு நடத்தினர். அரிசியில் நச்சு ஏதும் சேரவில்லை. தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒன்று நீங்கிவிடுகிறது என்பதை அவர்கள் நிறுவினர். அந்த ‘ஏதோ ஒன்று’தான் பிற்காலத்தில் உயிர்ச்சத்து பி1 எனப் பெயர் பெற்றது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் நீங்குவதில்லை. நம் பாட்டிமார்களுக்கு உயிர்ச்சத்து என்ற சொல் தெரியாது. ஆனால் அவர்கள் நெல் அவித்த அண்டாவில் அது இருந்தது.

இனி மீயின் கதைக்கு வருவோம். போருக்குப் பிந்தைய ஒசாகாவில், ஒரு கிண்ணம் சூடான ராமெனுக்காக மக்கள் குளிரில் வரிசை பிடித்து நின்றதைக் கண்டவர் மொமொஃபுகு ஆண்டோ. தைவானில் 1910இல் பிறந்தவர். தம் வீட்டின் பின்புறக் குடிசையில் அவர் முயன்று, வேகவைத்த மீயை எண்ணெயில் பொரித்தார். நீர் ஆவியாகி வெளியேறும்போது மீயில் நுண்துளைகள் உண்டாகின்றன. வெந்நீர் ஊற்றியதும் அத்துளைகளின் வழியே நீர் மீண்டும் உள்ளே புகுகிறது. இவ்வாறு 1958 ஆகஸ்டு 25ஆம் நாள் சிக்கன் ராமென் விற்பனைக்கு வந்தது. இன்னொரு செய்தி என்னை வியக்க வைத்தது. 1960இலேயே அதில் உயிர்ச்சத்து பி1, பி2 ஆகியவற்றைச் சேர்த்து, ஜப்பானிய அரசிடம் சிறப்புச் சத்துணவு என்ற ஏற்பையும் பெற்றார்கள். மலாயாவில் தவிட்டோடு போன அதே பி1!

நம் வீடுகளில் உடனடி மீக்கே பெயராகிவிட்ட மேகியும் அப்படிப் பிறந்ததுதான். சுவிட்சர்லாந்தில் 1880களில் ஆலை வேலைக்குச் சென்ற பெண்களுக்குச் சமைக்க நேரமில்லை. அவர்களுக்காக ஜூலியஸ் மேகி பட்டாணி, அவரை மாவுகளால் விரைவில் சமைக்கத்தக்க சத்துள்ள சூப்பை உருவாக்கினார். நான் கடிந்துகொண்ட தாயாரின் நிலைதான் அன்றும் இருந்தது.

ஆண்டோவின் நிசின் நிறுவனம் 2022இல் ‘முழு உணவு’ என்று பொருள்படும் ‘கன்சென் மெஷி’ வரிசையைத் தொடங்கியது. ஜப்பானிய உணவு அளவீட்டின்படி 33 சத்துகளை அவ்வரிசை உணவுகளில் அடக்கியிருப்பதாகக் கூறுகிறது. உண்மையில் பெரிய முன்னேற்றம்தான். எனினும் வரலாறு ஒன்றைக் கற்பிக்கிறது. ‘முழுமை’ என்பது அந்தந்தக் காலத்து அறிவு எண்ணிப் பார்த்த முழுமையே. 1905இல் வெள்ளை அரிசியில் குறைந்த சத்து எதுவென எவராலும் பெயரிட்டுச் சொல்ல இயலவில்லை. இன்று 33 வரை எண்ணுகிறோம். நாளை 34ஆவது ஒன்று வரலாம்.

அதற்காகப் பதப்படுத்திய உணவெல்லாம் தீது என்று சொல்லமாட்டேன். புழுங்கல் அரிசியும் பதப்படுத்திய உணவுதானே! எதை நீக்குகிறோம், எதைச் சேர்க்கிறோம் என்பதே கேள்வி. உடனடி மீயில் உப்பு மிகுதி. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே மசாலைத் தூளில் பாதியை விட்டுவிடலாம். ஒரு முட்டையையும் ஒரு பிடி கீரையையும் அதே கொதிநீரில் போட்டால் கூடுதலாக இரண்டு நிமிடம்தான் ஆகும்.

முழு உணவுக் கோப்பை அந்தத் தாயாருக்கு உதவுமா? நான் உண்ட ஒன்றின் விலையில் நம் ஊரில் சாதாரண மீப் பொட்டலங்கள் பலவற்றை வாங்கிவிடலாம். அவரிடம் இல்லாதது நேரம் மட்டுமன்று.

அதனால் இப்பொழுதெல்லாம் நான் பெற்றோரிடம், “ஏன் இதைக் கொடுக்கிறீர்கள்?” என்று கேட்பதில்லை. “காலையில் உங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது?” என்று கேட்கிறேன். பதினைந்து நிமிடம் என்றால், அந்தப் பதினைந்து நிமிடத்திற்குள் இயன்றதை இருவரும் சேர்ந்து எண்ணுகிறோம். அன்றைக்கே இவ்வாறு கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் பள்ளியில், உங்கள் இல்லத்தில் பிள்ளைகள் காலையில் எதைக்கொண்டு பசியாறுகிறார்கள்? சிந்திப்போம்.