உயிர்களின் காற்கணக்கு

எந்த உயிருக்கு எத்தனை கால் என்னும் வினா தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பிலேயே எழுவது. மாட்டுக்கு நான்கு, கோழிக்கு இரண்டு, ஈக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு என்று பிள்ளைகள் தயங்காது ஒப்பித்து விடுவர். இவ்வெளிய கணக்கைப் பற்றி ஒரு கதை நெடுநாளாக வழங்கி வருகிறது. கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் ஈக்கு நான்கு கால் என்று எழுதிவைத்தாராம். அவர் சொல்லைத் தலைமேற் கொண்ட ஐரோப்பியர், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஈயைப் பிடித்து எண்ணிப் பார்க்கவும் முற்படவில்லையாம். நூலை நம்பாதே, கண்ணை நம்பு என்று மாணவர்க்கு உணர்த்த ஆசிரியர் பலரும் எடுத்தாளும் கதை இது. கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையன்று. அதைச் சொல்வோரும் அரிஸ்டாட்டிலின் நூலைத் திறந்து பாராமலே சொல்லி வருகின்றனர் என்பதுதான் வேடிக்கை.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில் தம் விலங்கு நூலில் நான்கு கால் என்று கூறியது ஈயைப் பற்றியன்று. கருங்கடற் பக்கத்தில் ஃகிப்பானிஸ் என்னும் ஆற்றில், வேனிற்காலத்தின் நடுவில், திராட்சையினும் சற்றுப் பெரிய பைகள் போன்றவை மிதந்து வரும் என்றும், அவை வெடித்துச் சிறகுடைய நாற்கால் உயிர்கள் வெளிப்படும் என்றும், அவை மாலைவரை பறந்து கதிரவன் மறையும்போது மடியும் என்றும் அவர் எழுதுகிறார். ஒருநாளே வாழ்வதால் கிரேக்கர் அதற்கு எஃபெமெரான் என்று பெயரிட்டனர். தமிழில் ஒருநாட் பூச்சி எனலாம். (மழைக்குப் பின் விளக்கை மொய்க்கும் ஈசல் வேறு, அது கறையான் இனம்.)

ஒருநாட் பூச்சிக்கும் கால்கள் ஆறே. எனினும் அரிஸ்டாட்டில் நான்கு என்றதற்குக் காரணம் தேடுவது கடினமன்று. அப்பூச்சி அமர்ந்திருக்கும்போது முன்னங்கால் இரண்டையும் பெரும்பாலும் தூக்கி முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். ஆண் பூச்சிக்கு அவை மிக நீண்டவை. பறக்கும்போதே பெண்ணைப் பற்றிக்கொள்ளப் பயன்படுபவை. பார்ப்பவர் கண்ணுக்கு அவை உணர்கொம்பு போலத் தோன்றக்கூடும். இதனை நேரில் காண விரும்புவோர் எருக்கஞ்செடியை நாடி வரும் செம்மஞ்சள் நிற வண்ணத்துப்பூச்சியைக் கூர்ந்து நோக்கலாம். அதன் முன்னங்கால் இரண்டும் குறுகி, நெஞ்சோடு ஒட்டி மடங்கியிருக்கும். அது நிற்பதும் நடப்பதும் நான்கு கால்களால்தான். ஒரு மாணவன் அதைப் பார்த்துவிட்டு நான்கு என்று எழுதினால், அவன் கண்ணைப் பயன்படுத்தவில்லை என்று எவ்வாறு கூறுவது?

மேலும், பூச்சிகளுக்கு ஆறு கால் என்பதை அரிஸ்டாட்டில் அறியாதவரல்லர். தாவும் பூச்சிகளின் பின்னங்கால்களையும் சேர்த்து எண்ணி ஆறு என்று அவர் குறித்துள்ளார். ஈயும் தேனீயும் முன்னங்கால்களைக் குறுக்கிட்டுக் கண்களைத் துடைத்துக்கொள்வதையும் கூறியுள்ளார். ஈயை இவ்வளவு நுணுகி நோக்கிய ஒருவரையே ஈயை நோக்காதவருக்கு எடுத்துக்காட்டாக்கிவிட்டது உலகம்.

எண்ணிக்கையினும் அவருக்கு முதன்மையாகப்பட்டது வேறொரு வினா. விலங்குகளின் நடையைப் பற்றி அவர் தனி நூலே எழுதினார். சிலவற்றுக்குக் கால் இல்லை, சிலவற்றுக்கு இரண்டு, சிலவற்றுக்கு நான்கு, சிலவற்றுக்குப் பல. ஆயினும் எல்லாம் இரட்டைப்படையாகவே இருப்பது ஏன் என்று அதன் தொடக்கத்திலேயே கேட்கிறார். குருதியுள்ள உயிர்கள் யாவும் நான்கு இடங்களைக் கொண்டே இயங்குகின்றன என்பது அவர் துணிபு. பறவைக்கு இரண்டு கால், இரண்டு சிறகு. மனிதனுக்கு இரண்டு கால், இரண்டு கை. காலற்ற பாம்புக்கோ நான்கு வளைவுகள். விடையில் பிழை உண்டு. வினா பிழையானதன்று.

தமிழ் மரபு வேறோர் அளவுகோலைக் கைக்கொண்டது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் தொகையால் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுக்கிறது. எறும்பு மூவறிவுக்கும் தும்பி நாலறிவுக்கும் உரியன. தும்பியோடு ஒரே வரிசையில் நண்டும் நிற்கிறது. காற்கணக்கால் பார்த்தால் எறும்புக்கும் தும்பிக்கும் ஆறு, நண்டுக்குப் பத்து. தமிழர் கால்களை எண்ணாமலில்லை. வண்டுக்கு அறுகால் என்றும் அறுபதம் என்றும் பெயர் வழங்கியதே சான்று. எண்ணியும் அதனைப் பகுப்புக்கு அடிப்படையாகக் கொள்ளவில்லை. அறிவியல் வரலாற்றில் காலின் கதை முழுவதும் இப்படிப்பட்டதே. எண்ணத் தெரியாமை எங்கும் தடையாக இருந்ததில்லை; எந்த எண்ணுக்கு மதிப்புத் தருவது என்பதில்தான் அறிஞர் வேறுபட்டனர்.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் இதற்கு நல்ல சான்று. 1758-இல் வெளிவந்த அவரது நூலின் பத்தாம் பதிப்பில் பூச்சி வகுப்பைச் சிறகுகளைக் கொண்டே பிரித்தார். சிறகில்லாதவை எல்லாம் கடைசிப் பிரிவில் சேர்ந்தன. பேன், தெள்ளுப்பூச்சி, சிலந்தி, தேள், நண்டு, பூரான், மரவட்டை ஆகிய யாவும் அவருக்குப் பூச்சிகளே. அவற்றுள் ஆறு காலுடையவை, எட்டு முதல் பதினான்கு காலுடையவை, அதற்கும் மேற்பட்டவை என்று அவரே உட்பிரிவும் செய்தார். ஆகவே சிலந்திக்கு எட்டுக் கால் என்பது அவருக்கு நன்கு தெரியும். சிறகை முன்னே வைத்ததால் கால் பின்னே நின்றது.

அதனை முன்னே கொணர்ந்தவர்கள் பிரெஞ்சு அறிஞர்கள். லமார்க் 1801-இல் வெளியிட்ட நூலில் நண்டினம், சிலந்தியினம், பூச்சியினம் மூன்றும் தனித்தனி வகுப்புகளாயின. அவரும் பூரானைச் சிலந்தியோடு வைத்திருந்தார். லத்ரேய் 1802-இல் பூரானுக்கும் மரவட்டைக்கும் பல்காலிகள் என்னும் பொருள்பட ஒரு பெயரும், 1825-இல் பூச்சிகளுக்கு ஆறுகாலிகள் என்னும் பொருள்பட ஒரு பெயரும் தந்தார். இன்று வகுப்பறையில் ஒரு வரியில் முடிந்துவிடும் பாடத்துக்கு அரிஸ்டாட்டில் முதல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றிருக்கிறது.

இதனால் ஆசிரியர்க்கு ஒரு கடமை உண்டு. எட்டுக்கால் பூச்சி என்பது சிலந்திக்கு மக்கள் இட்ட பெயர். எண்ணிக்கை சரியே; பூச்சி என்ற சொல்லும் பேச்சு வழக்கில் பரந்த பொருளுடையது. அதை அறியாமை என்று இகழாமல், அறிவியல் அச்சொல்லை ஆறு காலுக்குள் சுருக்கிக்கொண்டது என்று சொல்லிக் கொடுப்பதே முறை. எதைக் கால் என்பது என்பதும் எளிதன்று. நண்டின் கவ்வும் இடுக்கிகள் இரண்டும் கால்களாகவே கணக்கிடப்படும். தேளின் இடுக்கிகள் வாயைச் சார்ந்த உறுப்புகளாதலால் சேரா. கம்பளிப்புழுவுக்கும் கால் ஆறே. பின்னால் உள்ள தசைக் குமிழ்கள் பொய்க்கால்கள். உண்ணியின் குஞ்சு ஆறு காலுடன் பிறந்து எட்டுக்கு உயரும்.

அரிஸ்டாட்டிலின் வினாவுக்கு விடை அண்மையில்தான் கிடைக்கலாயிற்று. உடல் இடமும் வலமும் ஒத்த இரு பாதியாக அமைவதால் கால்கள் இணையாகவே தோன்றுகின்றன. முதுகெலும்புள்ளவற்றின் நான்கு கால்களும் மீனின் இரண்டு இணைத் துடுப்புகளிலிருந்து வந்தவை. அவ்விடைநிலையைக் காட்டும் டிக்டாலிக் என்னும் மீன் கனடாவின் வடகோடியில் 2004-இல் கிடைத்தது. அதன் வயது ஏறக்குறைய 37.5 கோடி ஆண்டு. மலைப்பாம்பின் வாலடியில் காணும் இரு சிறு நகங்கள் பின்னங்கால்களின் எச்சமே. பூச்சி ஆறோடு நிற்பதற்கு, அதன் வயிற்றுப் பகுதியில் கால் முளைக்காதவாறு தடுக்கும் ஒரு மரபணுவே பெருங்காரணம் என்பதை 2002-இல் அமெரிக்க ஆராய்ச்சிக் குழுக்கள் இரண்டு காட்டின.

பெயரில் மட்டும் மேனாட்டார் கணக்கு நெடுநாள் தவறியே இருந்தது. பூரானை நூறுகாலி என்றும் மரவட்டையை ஆயிரங்காலி என்றும் அவர்கள் அழைத்தனர். பூரானின் கால் இணைகள் இயல்பாக ஒற்றைப்படையிலேயே அமையும். பதினைந்து இணை உண்டு, இருபத்தொன்று உண்டு, நூற்றுத் தொண்ணூற்றொன்று வரையிலும் உண்டு. நூறு கால் வேண்டுமாயின் ஐம்பது இணை வேண்டும், ஐம்பது இரட்டைப்படை. எனவே நூறுகாலிக்கு நூறு கால் வாய்ப்பதில்லை. மரவட்டையோ முட்டையிலிருந்து வரும்போது பெரும்பாலும் மூன்றே இணைக் கால்களுடன் வந்து, தோலுரிக்குந்தோறும் வளையங்களையும் கால்களையும் கூட்டிக்கொள்வது. கலிபோர்னியாவில் கிடைத்து 1928-இல் பெயர் பெற்ற மரவட்டை ஒன்று 750 கால்களுடன் நெடுங்காலம் முதலிடம் வகித்தது.

2021-இல்தான் பெயர் மெய்யாயிற்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் பொன்வயற் பகுதியில், கனிமம் தேடித் துளைத்த குழிகளில் இலைச்சருகு வைத்த பொறிகளை இறக்கியபோது, அறுபது மீட்டர் வரையான ஆழத்திலிருந்து நூல் போன்ற ஒரு மரவட்டை கிடைத்தது. நீளம் பத்துச் சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அகலம் ஒரு மில்லிமீட்டரும் இல்லை. வளையங்கள் 330, கால்கள் 1306. நிலத்தடி உலகின் அரசியாகக் கிரேக்கர் கூறும் பெர்செபோனியின் பெயரை அதற்குச் சூட்டியுள்ளனர். இருளிலேயே வாழும் அதற்குக் கண் இல்லை.