பைக்காரா கரண்டும் பட்டறை ஏஐயும்

போன மாதம் ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு லேத், ஒரு சிஎன்சி, ஆறு ஆட்கள். பட்டறைக்காரர் எனக்கு அண்ணன் முறை. டீ வந்ததும் ஆரம்பித்தார்: “ஏந்தம்பி, எல்லாரும் ஏஐ ஏஐங்கறாங்க. கூட்டம் போட்டு கிளாஸ் எடுக்கறாங்க. போய் உக்காந்தா ஒண்ணும் புரியறதில்லீங்க. நம்மள மாதிரி சின்னப் பட்டறைக்காரன் எங்கிருந்து ஆரம்பிக்கறது?”

“யோசிச்சுச் சொல்றேனுங்ண்ணா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் தோன்றியது: இதே ஊர் இதே கேள்வியைத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை கேட்டிருக்கிறது. அப்போது வந்தது கரண்ட். கோயமுத்தூரின் மின்சார வரலாறு பற்றி நான் எடுத்து வைத்திருந்த குறிப்புகளை அன்று ராத்திரியே மறுபடி எடுத்துப் பார்த்தேன். அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதிலில் பாதி அதில் இருந்தது.

கரண்டுக்கு முந்தைய ஊர்

கோயமுத்தூரின் முதல் நூற்பாலை, ஸ்டேன்ஸ் மில் என்று ஊர் கூப்பிடுகிற ஆலை, 1888-இல் தொடங்கியது. லட்சுமி மில் 1910. அந்தக் காலத்து ஆலைகள் ஓடியது நீராவியில். நீராவி எஞ்சின் என்றால் பாய்லர், புகைபோக்கி, நிலக்கரி, அதைக் கொண்டு வர ரயில், இத்தனைக்கும் முதல். இதெல்லாம் இருக்கிறவருக்குத்தான் இயந்திர சக்தி. கால் குதிரைத்திறன் மட்டும் போதும் என்கிறவருக்கு நீராவியில் எதுவும் கிடைக்காது.

ஊருக்கு வெளியே வந்தால் எல்லாம் கையும் மாடும்தான். கொங்கு நாடு மழை குறைந்த பூமி. ஆற்றுப் பாசனம் இருக்கிற இடங்கள் போக மீதிக்குக் கிணறுதான் கதி, அதுவும் ஆழக் கிணறு. விடியலுக்கு முன்னாலேயே எருதைப் பூட்டி, கவலை ஓட்டி, சால் சாலாக இறைத்துத்தான் பருத்தியும் சோளமும் விளைந்தன. வீட்டுக்குள் ஆட்டுக்கல், உரல், திருகை.

நீலகிரியில் பைக்காரா ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டும் வேலை 1929-இல் தொடங்கி, 1932-இல் மின்சாரம் உற்பத்தியானது. மலையிலிருந்து கம்பி இறங்கி கோயமுத்தூருக்கு வந்தது. அது உலகப் பொருளாதாரமே முடங்கிக் கிடந்த நேரம். பருத்தி விலை விழுந்திருந்தது. கிராமத்தில் கடன் கொடுத்துச் சம்பாதித்தவர்கள் கொடுத்த பணம் திரும்பாமல் தவித்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமப் பொருளாதாரத்தைப் பற்றி 1984-இல் பெரிய புத்தகம் எழுதிய கிறிஸ்டோபர் பேக்கர் ஒன்றைக் கவனித்துச் சொல்கிறார்: இந்த மந்தக் காலத்தில்தான் கிராமத்துப் பணம் நிலத்தையும் வட்டியையும் விட்டு நகரத்துக்கும் ஆலைக்கும் நகர்ந்தது. நகர்ந்த பணமும் இறங்கி வந்த கரண்டும் கோயமுத்தூரில் சந்தித்துக்கொண்டன. அடுத்தடுத்து ஆலைகள் எழுந்தன.

இது எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று.

துண்டு போடக்கூடிய சக்தி

கரண்டை எந்த அளவுக்கும் துண்டு போடலாம். ஆலைக்கு நூற்றுக்கணக்கான குதிரைத்திறன் வேண்டுமா, எடுத்துக்கொள்ளலாம். தெருமுனை மாவு மில்லுக்கு ஐந்து போதுமா, அதுவும் சரி. முதன்முறையாக, சின்ன ஆளுக்கு அவருடைய அளவில் இயந்திர சக்தி கிடைத்தது.

பொருளாதார வரலாற்றறிஞர் பால் டேவிட் 1990-இல் டைனமோவையும் கம்ப்யூட்டரையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது அமெரிக்கா. எடிசன் மின்நிலையம் திறந்தது 1882-இல். ஆனால் 1900 வாக்கில்கூட அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயந்திர சக்தியில் மின்மோட்டாரின் பங்கு ரொம்பக் கொஞ்சம். பாதியை எட்டவே சுமார் 1920 ஆகிவிட்டது. ஏன் இவ்வளவு தாமதம்?

பழைய தொழிற்சாலையில் ஒரே ஒரு பெரிய எஞ்சின் இருக்கும். அது கூரைக்கடியில் நீளமான ஒரு தண்டைச் சுற்றும். அந்தத் தண்டிலிருந்து பெல்ட் இறங்கி ஒவ்வொரு மெஷினையும் ஓட்டும். முதலாளிகள் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டும் பெல்ட்டும் அப்படியே இருந்தன. செலவு குறைந்தது, ஆனால் வேலை செய்யும் விதம் மாறவில்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி மோட்டார் வைத்து, வேலை நடக்கிற வரிசைப்படி மெஷின்களை இடம் மாற்றிப் போட்ட பிறகுதான் உண்மையான லாபம் தெரிந்தது.

ஏற்கெனவே பெரிய ஆலை கட்டி, தண்டும் பெல்ட்டும் மாட்டி வைத்திருந்தவருக்கு மாறுவது கஷ்டம். கோயமுத்தூரின் சின்னப் பட்டறைக்காரருக்குக் கழற்றிப்போடப் பழைய தண்டே கிடையாது. ஒரு மோட்டார், ஒரு மெஷின் என்றே அவர் ஆரம்பிக்கலாம். நம்ம ஊரில் பட்டறைகள் இவ்வளவு பெருகினதற்கு இது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் எந்த வேலைக்குள் போனது?

மோட்டார் வந்ததும் சனங்கள் அதை எங்கே மாட்டினார்கள் என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. தண்ணீர் இறைக்க, நெல் அரைக்க, மாவு திரிக்க. பிற்பாடு ஆட்டுக்கல்லுக்கு: 1955-இல் பி. சபாபதி என்பவர் கோயமுத்தூரில் கல்லையும் மோட்டாரையும் சேர்த்து வெட் கிரைண்டர் செய்தார். இன்று கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

இந்த வேலைகளுக்கெல்லாம் மூன்று பொது குணங்கள். தினமும் செய்தாக வேண்டியவை. செய்கிறவர் இடுப்பை ஒடிப்பவை. நல்லா வந்ததா இல்லையா என்று பார்த்தவுடனே தெரிந்துவிடுபவை. தண்ணீர் வாய்க்காலில் வருதா? மாவு நைசா இருக்கா? தொட்டுப் பார்த்தால் போதும், இஞ்சினியர் வேண்டாம்.

பட்டு நெய்கிற தறியையோ கோயில் சிலை வார்க்கிற கையையோ யாரும் முதலில் மோட்டாரிடம் ஒப்படைக்கவில்லை.

கழற்றிப் பார்த்தவர்கள்

அடுத்த விஷயம் ரிப்பேர். ஜி.டி. நாயுடு சின்ன வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கி, முழுசாகக் கழற்றி மாட்டினார் என்கிற கதை கோயமுத்தூரில் எல்லாருக்கும் தெரியும். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ் விட்டு ஆரம்பித்தவர் அவர். 1937-இல் அவரும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து செய்த மோட்டாரைத்தான் இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் என்று சொல்கிறார்கள்.

பைக்காரா கரண்ட் வந்து ஐந்தே வருஷத்தில் இது நடந்திருக்கிறது. வாங்கின மெஷின் ஏன் நிற்கிறது, எங்கே சூடாகிறது, எவ்வளவு சுமை தாங்கும் என்று தெரிந்துகொண்ட ஊர், வாங்குவதிலிருந்து செய்வதற்குச் சீக்கிரம் நகர்ந்தது. பம்பு செட்டுக்கு இந்தியா முழுக்கக் கோயமுத்தூர் பேர் வாங்கியதன் அடிப்படை இந்தப் பழக்கம்தான்.

தனியாகவும் யாரும் இதைச் செய்யவில்லை. ஆலைகள் சேர்ந்து 1956-இல் சிட்ரா ஆராய்ச்சி நிலையத்தை ஆரம்பித்தன. அது மில்களின் உற்பத்திக் கணக்கை வாங்கி ஒப்பிட்டுக் காட்டியது. பக்கத்து மில்லை வைத்து நம்ம மில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள முடிந்தது. சிறுதொழில்காரர்களுக்கு 1969-இல் கொடிசியா வந்தது. ஒருத்தரால் வாங்க முடியாத சோதனைக் கருவியைப் பொதுவில் வைத்துக்கொண்டார்கள்.

கணக்கில் மறுபக்கம்

இதைப் பெருமைக் கதையாக மட்டும் சொல்லி முடித்தால் பொய்யாகிவிடும்.

கவலை போய் மோட்டார் வந்தது நல்லதுதான். ஆனால் எருதுக்குக் களைப்பு உண்டு, மோட்டாருக்கு இல்லை. நிலத்தடி நீர் இறங்க இறங்கக் கிணறு போர்வெல் ஆனது, போர்வெல் ஆயிரம் அடி தாண்டியது. சோமனூர், பல்லடம் பக்கம் கைத்தறி போய் விசைத்தறி வந்தது. தறி வேகமாயிற்று. ஆனால் கூலிக்கு நெய்கிறவர் இன்றைக்கும் கூலி உயர்வுக்காகத் தறியை நிறுத்திப் போராட வேண்டியிருக்கிறது. மெஷின் யாரிடம் இருக்கிறது என்பதைவிட, ஆர்டரும் நூலும் யார் கையில் என்பதுதான் அங்கே கூலியைத் தீர்மானித்தது.

அப்புறம் 2008-க்குப் பிறகு வந்த மின்வெட்டு வருஷங்கள். 2012-இல் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல்கூடக் கரண்ட் இருக்காது. பெரிய கம்பெனி ஜெனரேட்டரில் ஓட்டியது. சின்னப் பட்டறைக்காரர் ஆளைச் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தார், முடியாதவர் பட்டறையை மூடினார். வெளியே இருந்து கம்பியில் வருகிற எதை நம்பித் தொழில் செய்தாலும், அது நிற்கிற நாளுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும் என்று ஊர் அப்போது கற்றுக்கொண்டது.

சரி, இப்போ அண்ணன் கேள்விக்கு வருவோம்

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். இதையெல்லாம் சுருக்கிச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டேன்: “உங்க பட்டறைல கவலை ஓட்டற மாதிரி வேலை எதுங்ண்ணா?”

கொஞ்ச நேரம் யோசித்தார். லேத் வேலையைச் சொல்லவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து செய்கிற வேலைகளைச் சொன்னார். வடக்கே இருந்து வரும் இங்கிலீஷ் மெயிலுக்குப் பதில். கொட்டேஷன். யார் எவ்வளவு பாக்கி என்று நோட்டில் தேடுவது. சிஎன்சி ஏதோ அலாரம் காட்டினால் தடிமனான மேனுவலைப் புரட்டுவது.

எல்லாம் எழுத்து வேலை. பெரிய கம்பெனியில் இதற்கு ஒரு ஆபீசே இருக்கும். அண்ணனுக்கு ஒரு முழு ஆள் கட்டாது, கால் ஆள் போதும். நீராவி காலத்தில் கால் குதிரைத்திறன் கிடைக்காத மாதிரி, இத்தனை நாள் கால் ஆபீஸ் கிடைக்காமல் இருந்தது. சாட்ஜிபிடி மாதிரியான கருவிகள் 2022 கடைசியிலிருந்து கொடுப்பது அதைத்தான்.

நாங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்தது இது. முதலில் ஒரே ஒரு வேலை: பாக்கிப் பட்டியல். சிறுதொழில்காரருக்குப் பெரிய கம்பெனி அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. ஆனால் எந்த பில் 45 நாள் தாண்டியது என்றே தெரியாவிட்டால் எப்படிக் கேட்பது? பில் நோட்டைப் போட்டோ எடுத்து, தேதி, பேர், தொகை என்று அட்டவணையாகப் போடச் சொல்வது. 45 தாண்டினவருக்கு மரியாதையாக ஒரு நினைவூட்டல் கடிதம் எழுதச் சொல்வது. தமிழில் பேசினாலே அது இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கும்.

அனுப்புவது மட்டும் அண்ணன்தான், படித்துப் பார்த்த பிறகு.

கூடவே சில விதிகள் வைத்தோம். வாடிக்கையாளர் டிராயிங்கை அதில் ஏற்றக் கூடாது; அது அவருடைய சொத்து. அளவும் விலையும் அது சொன்னபடி போகக் கூடாது, 0.05 மி.மீ. 0.5 ஆனால் மொத்த லாட்டும் திரும்பி வரும். ஜிஎஸ்டி சந்தேகத்துக்கு ஆடிட்டர்தான். பழைய நோட்டு எழுதுவதை நிறுத்தக் கூடாது. அதுதான் கரண்ட் போன நாளுக்கு ஜெனரேட்டர். முதல் மாதம் காசு கட்டாமல் இலவசமாகக் கிடைப்பதிலேயே ஓட்டி, ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்று குறித்துக்கொள்வது. நேரம் குறையவில்லை என்றால் விட்டுவிடுவது.

முதல் வாரமே ஒரு தப்பு. நோட்டில் இருந்த 7,400-ஐ அது 1,400 என்று படித்துவிட்டது. அண்ணன் கூட்டுத்தொகையை நோட்டோடு ஒப்பிட்டபோது மாட்டிக்கொண்டது. “மாவு நைசா இல்லைன்னு தொட்டவுடனே தெரிஞ்சு போச்சுங்” என்று சிரித்தார். அன்றிலிருந்து கூட்டுத்தொகை சரிபார்க்காமல் எந்தப் பட்டியலையும் எடுப்பதில்லை.

எனக்கு ஒரு கவலை பாக்கி இருக்கிறது. அதை அண்ணனிடமும் சொன்னேன். இதே கருவி ஆர்டர் கொடுக்கிற பெரிய கம்பெனியிடமும் இருக்கிறது. பத்துப் பட்டறைகளின் கொட்டேஷனை ஒரே நிமிஷத்தில் ஒப்பிட்டு விலையை இறக்கச் சொல்ல அதனால் முடியும். விசைத்தறிக்காரருக்கு நடந்தது பட்டறைக்காரருக்கும் நடக்கலாம். தனித்தனியாகக் கருவி வைத்துக்கொள்வது அதற்குப் போதாது. சிட்ராவும் கொடிசியாவும் உருவான மாதிரி, கூலி, பாக்கி, விலை விவரங்களைப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து வைத்துக்கொண்டால்தான் எதிரே உட்கார்ந்து பேச முடியும்.

அண்ணன் இதற்குப் பதில் சொல்லவில்லை. எதிர்ப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, “ஏனுங், உங்களுக்கும் அந்தக் கம்பெனி பாக்கி இருக்குதுங்களா?” என்று கேட்டார். இருந்தது. எழுபது நாள்.