கம்பம் பள்ளத்தாக்கும் அடிமை ஒழிப்பும்

அமெரிக்க உள்நாட்டுப் போரின் இடையே, 1863 சனவரி முதல் நாளில் லிங்கன் வெளியிட்ட விடுதலை அறிக்கையும், 1865-இல் நிறைவேறிய பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தமும் உலகறிந்தவை. தமிழகத்தில் அடிமை ஒழிப்பு போரின்றி, ஓசையின்றி நிகழ்ந்தது. அதனாலேயே அதன் குறையும் நம் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைகளை நேரே விடுவித்ததன்று. அடிமையுரிமையை நீதிமன்றங்கள் ஏற்றலாகாது என விதித்ததேயாம். ஆளை அடிமையாக விற்றலும் வாங்கலும் தண்டனைக்குரிய குற்றமானது 1860-இல் இயற்றப்பெற்ற தண்டனைச் சட்டத்தால். அன்று மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்த கம்பம் பள்ளத்தாக்கு இச்சட்டங்களுக்கு உட்பட்டது. மேற்குமலைக்கு அப்பால், திருவிதாங்கூரிலோ, அரசு அடிமைகளை விடுவிக்கும் மன்னர் அறிக்கை 1855-இல்தான் பிறந்தது. ஆகவே, 12 ஆண்டுகள் ஒரே மலைமுகட்டின் இருமருங்கும் இருவேறு நெறிகள் நிலவின எனலாம்.

பின்னாளில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகளாக இப்பகுதி உழைப்பாளர் ஏலத்தோட்டங்களுக்கு ஏறினர். தோட்டத் தொழிலில் விலங்கிற்கு மாற்றாக முன்பணமும் கங்காணியும் அமைந்தமையைக் காண்கின்றோம். முன்பணம் பெற்றும் பணிபுரியாதாரைத் தண்டிக்கப் பிரித்தானிய இந்தியாவில் இடந்தந்த 1859-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம், 1925-இல் இயற்றப்பெற்ற சட்டத்தாலேயே நீக்கமுற்றது. கடனுக்கு ஆள் பிணையாதலைக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் தடுத்தது.

மனிதன் உடைமையல்லன் என்றது முதற்படி. மனிதன் கடனுக்கு ஈடல்லன் என்றது அடுத்த படி. இவ்விரண்டிற்கும் இடையே 133 ஆண்டுகள் கழிந்தன. அறிக்கை பிறந்த நாளை மட்டும் விடுதலை நாளாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பதே நாம் துணியும் முடிபு.